நீலப்பூவும் ஏழு பேர்ச்சஸ் காணியும்

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வழியில் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களைக் கண்டவர்கள், அவற்றின் வாசலில் பந்து பந்தாகப் பூத்து நிற்கும் நீலநிற ஹைட்ரேஞ்சியாச் செடிகளையும் கண்டிருப்பர். பத்திரிகைப் பணி நிமித்தம் மலையகம் சென்ற நாட்களில் நான் அவற்றின் அழகை மட்டுமே பார்த்தேன். அவற்றை நட்ட கைகளைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

இச்செடியின் தாயகம் ஜப்பான். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பர்க் 1775-76இல் அங்கு தங்கியிருந்து, 1784இல் வெளியான தமது நூலில் இதனை விவரித்தார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது இலண்டன் கியூ பூங்காவை அடைந்தது. ஆங்கிலேயர் விரும்பி வளர்த்த இப்பூவுக்கு இலங்கை மலைநாட்டின் குளிரும் மழையும் நன்கு பொருந்தின.

இங்கு இது நீலமாகப் பூப்பதற்கு மண்ணே காரணம். தேயிலைக்கு உகந்த அமில மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர்வழியே சென்று பூவின் நிறப்பொருளுடன் சேர்கிறது. அதனால் நீலம் உண்டாகிறது. மண்ணில் சுண்ணாம்பு கலந்தால் இளஞ்சிவப்பாக மாறும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை செழித்ததும் இத்தகைய மண்ணிலேதான்.

பங்களாப் பூந்தோட்டங்களைப் பராமரித்தவர்கள், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்தவர்கள். பகலெல்லாம் துரையின் பூக்களுக்கு நீர் வார்த்தவர், மாலையில் திரும்பியது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி லயன் காம்பிராவுக்கு. லயத்தின் ஓரத்தில் ஒரு மிளகாய்ச் செடி வைத்தாலும் அந்நிலம் தோட்ட நிர்வாகத்தினுடையதே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே தீர்வு தந்தது. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டம் 2015இன் பின்னரே வேகம் பெற்றது. 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடி.

அத்தகைய புதுவீடொன்றின் வாசலில், பங்களாத் தோட்டக்காரராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். பூக்காத தண்டொன்றில் இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு வெட்டி, கீழ் இலைகளைக் களைந்து, நிழலில் ஈரமண்ணில் ஊன்றியிருந்தார். ஒரு மாதமளவில் வேர் விடுமாம். பூ உதிர்ந்தவுடனேயே கவாத்து செய்ய வேண்டும், தாமதித்தால் அடுத்த ஆண்டின் மொட்டுகளையும் வெட்டிவிடுவோம் என்று எச்சரித்தார்.

"எவ்வளவோ வச்சிருக்கேன் ஐயா. எனக்குன்னு வச்சது இதுதான்" என்றார்.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டது. இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. அவர்களுக்கும் ஒரு செடி நடச் சொந்தக் காணி கிடைக்கவேண்டும் என்பதே என் விருப்பம்.