சிகாகோவின் கத்தியும் தீக்கா செல்லும்

1935-ல் சிகாகோ மருத்துவர்கள் இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் இருவரும் ஏழு பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதவிடாய் தவறிய அந்தப் பெண்களின் சினைப்பைகள் பருத்து, தடித்த தோலுடன், சிறுசிறு நீர்க்கட்டிகள் நிரம்பிக் கிடந்தன. இன்று பிசிஓஎஸ் எனப்படும் நோய் இதுதான். வயிற்றைத் திறந்து இரு சினைப்பைகளின் புறப்பகுதியிலும் பாதியோ முக்கால்வாசியோ ஆப்பு வடிவில் வெட்டியெடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது; இருவர் கருவுற்றனர். மூலகாரணம் ஹார்மோன்தான் என்று அவர்களும் ஊகித்திருந்தார்கள். ஆனால் கத்தி பலித்ததற்குச் சொன்ன காரணம் வேறு: கட்டிகளின் நெரிசல் நீங்கியதால் முட்டைக்கு வெளியே வர வழி கிடைத்தது. சிகிச்சை சரியாக இருந்தது, விளக்கம் தவறாக இருந்தது என்பதே என் கணிப்பு. பலன் கண்முன் தெரிந்ததால் விளக்கத்தைச் சந்தேகிக்க அவசரம் யாருக்கும் இல்லை. அறுவைக்குப் பின் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொண்டு வேறு வகையில் மலட்டுத்தன்மை வந்ததும், 1960-களில் குளோமிபீன் மாத்திரை வந்ததுமே கத்தியை ஓரங்கட்டின.

நெரிசல்தான் காரணமென்றால் நிறைய வெட்டினால்தான் பலன் கிடைத்திருக்க வேண்டும். 1984-ல் நார்வே மருத்துவர் யோன்னெஸ், லேப்ராஸ்கோப் வழியே சினைப்பையில் சில புள்ளிகளை மட்டும் மின்சூட்டால் பொசுக்கினார். அதுவே பலருக்கு முட்டை வெளிவரப் போதுமானதாக இருந்தது. இரண்டு முறைகளிலும் ரத்தத்தில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண்மை ஹார்மோன் குறைந்தது. முட்டை வளரும் நுண்ணறைகளைச் சூழ்ந்த தீக்கா செல்கள்தான் அந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. உட்புறக் கிரானுலோசா செல்கள் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆக, கத்தி எடுத்தது தடையை அல்ல, உற்பத்திக் களத்தின் ஒரு பகுதியை.

நோயுற்ற உடலின் இன்சுலினும், பிட்யூட்டரி சுரக்கும் எல்எச் ஹார்மோனும் தூண்டுவதால்தான் இந்தச் செல்கள் மிகையாகச் சுரக்கின்றன, செல்லில் பழுதில்லை என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான ஆட்சேபம்தான். 1999-ல் பென்சில்வேனிய ஆய்வாளர்கள் ஸ்ட்ராஸ், மெக்அலிஸ்டர் குழு இதற்குப் பதில் தந்தது. நோயுள்ளோர், இல்லாதோர் இருசாராரின் தீக்கா செல்களையும் உடலுக்கு வெளியே ஒரே சூழலில் பல தலைமுறை வளர்த்தார்கள். அப்போதும் நோயுள்ளோரின் செல்கள் கூடுதல் ஆண்ட்ரோஜனைச் சுரந்தன. ஆண்ட்ரோஜன் உற்பத்திக்கு உதவும் சிஒய்பி17 போன்ற மரபணுக்களின் வெளிப்பாடும் அவற்றில் மிகுந்திருந்தது. 2014-ல் இதே மரபில் வந்த ஆய்வு, டிஇஎன்என்டி1ஏ மரபணுவின் ஒரு வடிவத்தை இயல்பான செல்லில் மிகுதியாக்கியதும் அதுவும் நோய்ச்செல்போல் நடந்துகொண்டதைக் காட்டியது. ஆட்சேபத்தில் ஒரு பாதி மட்டும் நிற்கிறது: செல் தானே மிகையாகச் சுரந்தாலும், இன்சுலின் அதை இன்னும் ஏற்றிவிடுகிறது. இந்தத் தொடர்பின் தடயமாக, பாரிஸில் அஷாரும் தியேரும் தாடி வளர்ந்த பெண்களின் நீரிழிவை 1921-லேயே விவரித்திருந்தார்கள். ஆனால் சினைப்பை நோயாளிகளின் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே உயர்வதை அளந்து காட்ட 1980 வரை ஆயிற்று.