கார்ப்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? ஒரு பழைய மாருதிக்காகக் கொஞ்சம் வரலாறு



என்னிடம் பிளஸ் டூ படித்த ஒருவன் போன வாரம் போன் போட்டான். அவன் அப்பா வைத்திருந்த மாருதி 800 பத்து வருஷமாக ஷெட்டில் கிடக்கிறது. ஓட வைக்கப் போகிறானாம். "கார்ப்புரேட்டரையே வச்சுக்கட்டுங்களா சார், இன்ஜெக்‌ஷனுக்கு மாத்திரட்டுங்களா?" என்றான். அப்பா இப்போது இல்லை. அதனால் சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை.

குறுகின கழுத்தில் காற்று வேகமாகப் போனால் அழுத்தம் குறையும் என்று பெர்னோலியை நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? கார்ப்புரேட்டர் அவ்வளவுதான். அந்தக் குறைந்த அழுத்தம் பெட்ரோலை ஜெட் துளை வழியாக இழுத்துத் தூவுகிறது. ஹங்கேரியில் பாங்கி, சோங்கா இருவரும் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1893-இல். நம்ம ஜி.டி.நாயுடு கலங்கலில் பிறந்ததும் அதே 1893! 1920-இல் அவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டிய பஸ் மூச்சு விட்டதும் இதன் வழியாகத்தான்.

இன்ஜெக்‌ஷன் புதுசு என்று நினைக்க வேண்டாம். 1954-லேயே மெர்சிடிஸ் பந்தயக் காரில் இருந்தது. 1967-இல் பாஷ் கம்பெனி எலெக்ட்ரானிக் முறையை ஃபோக்ஸ்வேகனில் வைத்தது. அதற்குக் காரணம் வேகம் இல்லை, அமெரிக்காவின் புகைச் சட்டம். இங்கேயும் அதே கதைதான். 2000-இல் புகை விதிகள் வந்ததை ஒட்டித்தான் மாருதி 800 இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பைக்கிலும் கார்ப்புரேட்டர் போய்விட்டது.

நடுவில் நம்ம ஊர் கரிவர்தனைச் சொல்லாமல் விட முடியாது. சாதாரண மாருதி 800 இன்ஜினை வைத்தே ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். விலை உயர்ந்த வெளிநாட்டு இன்ஜினுக்கு அவர் காத்திருக்கவில்லை. 2005-இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்தக் கார்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சரி, தம்பிக்கு வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்ப்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுத்துவிடும். இன்ஜெக்‌ஷனில் சென்சார் பார்த்துக் குறைத்துக்கொள்ளும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் ஊறிக் கெடும், அந்தக் கால ஜெட்டுக்குக் கலவை மெலியும்.

இத்தனை இருந்தும் கார்ப்புரேட்டரையே வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன், கண்ணு. மாதம் இரண்டு தடவை ஓடும் வண்டிக்கு டேங்க் பம்ப், ரிட்டர்ன் லைன், கம்ப்யூட்டர், புது வயரிங் என்று எதற்கு இழுத்துப் போடுகிறாய்? அந்த டேங்கில் இருக்கும் துரு ஒன்றே போதும், இன்ஜெக்டரை அடைத்துவிட. தினமும் திருப்பூர் போய் வருகிற வண்டி என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன். ரப்பர் பாகங்களை எல்லாம் மாற்று. ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பிளக் நிறத்தைப் பார். ட்யூனிங்கைக் காதால் கேட்டே செய்கிற பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்.

டேங்க்கைக் கழட்டுகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லப்பா, நானும் வர்றேன்.