மானிப்பாய் வழங்கிய அத்தாட்சி

நோயுற்றவன் தன் உடலை இன்னொருவன் கையில் ஒப்படைக்கின்றான். அக்கைக்கு உரியவன் வைத்தியம் அறிந்தவன்தானா என்பதைச் சோதித்தறியும் ஆற்றல் அவனுக்கு இல்லை. அவன் பொருட்டு வேறு யாரோ முன்னரே சோதித்திருத்தல் வேண்டும். அச்சோதனையை யார் நடத்துவது, எந்த மொழியில் நடத்துவது, யாருடைய நன்மை கருதி நடத்துவது? மருந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வினாக்களைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆனால் யாழ்ப்பாணத்தின் மருத்துவ வரலாறு இவ்வினாக்களிலேதான் தொடங்குகின்றது.

பழைய காலத்துப் பரியாரிக்கு ஊரே சாட்சி. தந்தையிடமோ குருவிடமோ கற்றவன், செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய நூல்களின் வழிவந்த அறிவுடையவன், கைராசிக்காரன் என்று ஊரவர் சொல்வதே அவனுடைய பட்டம். இம்முறையில் ஒரு நன்மை இருந்தது: வைத்தியன் நோயாளியின் மொழியில் பேசினான், அவன் அயலிலேயே வாழ்ந்தான். பெரியதொரு குறையும் இருந்தது: அறிவு குடும்பத்துக்குள்ளும் சாதிக்குள்ளும் ஒளித்து வைக்கப்பட்டது. பிழைவிட்டவனைக் கேட்க ஒரு பொதுச்சபை இருக்கவில்லை.

1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பார்ப்பதுடன் உள்ளூர் இளைஞர்க்கு மேனாட்டு வைத்தியத்தையும் கற்பிக்கலானார். பாடத்தை முடித்தோரைப் பரீட்சித்து அத்தாட்சி வழங்கினார். கொழும்பிலே வைத்தியக் கல்லூரி தோன்றுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, பரம்பரையால் அன்றிப் பரீட்சையால் வைத்தியன் ஆகும் வழி இவ்வாறு மானிப்பாயில் திறக்கப்பட்டது.

தொடக்கத்தில் கிறீனும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடிச் செல்வதை அவர் கண்டார். கிராமத்துக்கு வைத்தியன் வேண்டுமானால் கிராமத்தின் மொழியிலேயே அவனை ஆக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1860களில் தமிழ்வழி வகுப்பு உருவாகியது. அதற்கு வேண்டிய நூல்களை அவரும் அவருடைய மாணாக்கரும் தமிழாக்கினர். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என்பன அவற்றுட் சில. ஆங்கில உலகம் பாடநூலாகக் கொண்ட கிரேயின் உடற்கூற்று நூலே ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆனது. 1873இல் தாயகம் திரும்பிய பின்னும், 1884இல் இறக்கும்வரை அவர் இப்பணியை விடவில்லை. மதம் பரப்புதலும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும், தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு அவர் செய்கையால் விடையளித்துவிட்டார் என்பதை மறுப்பதற்கில்லை.

அவ்வாறாயின் அவ்வழி ஏன் தொடரவில்லை? தமிழின் வறுமையே காரணம் என்பர் சிலர். நூல்கள் இருந்தன, மாணாக்கர் இருந்தனர், பரீட்சையும் இருந்தது. அத்தாட்சிக்குப் பின்னால் நிற்கும் அரசு மட்டுமே இருக்கவில்லை.

1858இல் இங்கிலாந்து சட்டமொன்றை இயற்றி, தகுதி பெற்ற வைத்தியர்க்குப் பொதுப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தியது. போலி வைத்தியரிடம் பணத்தையும் உயிரையும் இழந்த மக்களுக்கு அது ஒரு காவல். குடியேற்ற நாடுகளிலும் அம்முறை பரவியது. 1870இல் கொழும்பு வைத்தியப் பாடசாலை தொடங்கியது. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் பதிவுமுறையை உறுதிப்படுத்தியது. காவல் வந்தது நல்லதே. ஆனால் அக்காவலின் வாயில் ஆங்கில வாயிலாக இருந்தது. 1945இல் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலக் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்த வல்லவன் வீட்டுப் பிள்ளையே அவ்வாயிலை அணுக முடிந்தது. கமக்காரன் மகனுக்கும் கடற்றொழிலாளி மகனுக்கும் அது அடைத்த கதவு. பரியாரிமாரைப் பதிவுசெய்யும் ஆயுர்வேதச் சட்டம் 1961இல் வந்தது.

இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. 1978 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அங்கே கற்கின்றனர். பட்டம் பெற்றவர் உடனே முழு வைத்தியராகிவிடுவதில்லை. இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்த பின்னரே முழுப் பதிவு கிடைக்கும். வெளிநாட்டிற் படித்து வருபவர்க்குத் தனிப் பரீட்சை உண்டு. இக்கண்டிப்பு வேண்டியதே, இதைத் தளர்த்தக் கோருவோர் ஏழையின் நண்பராகார். தராதரம் குறைந்த வைத்தியனிடம் முதலில் அகப்படுபவன் ஏழையே அன்றோ?

ஆயினும் கிறீனை வருத்திய வினா தீர்ந்துவிடவில்லை. போதனாமொழி இன்றும் ஆங்கிலமே. உள்ளகப் பயிற்சி முடித்தோர் தரவரிசைப்படி தமக்குரிய இடத்தைத் தெரிவுசெய்கின்றனர். முன்வரிசையில் நிற்பவர் நகரத்தைத் தெரிந்தால், நெடுந்தீவு போன்ற இடங்கள் பட்டியலின் அடியில் நிற்பவர்க்கே எஞ்சும். இது தனிமனிதரின் குற்றமன்று. வசதியான வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மேற்படிப்பு யாவும் நகரத்திலே குவிந்திருக்க, இளம் வைத்தியரை மட்டும் தியாகம் செய்யச் சொல்வது நேர்மையாகாது.

ஆகவே நாம் கோர வேண்டியவை இரண்டு. பதிவேட்டின் கண்டிப்புக் குறையாதிருத்தல் வேண்டும். அதனோடு, நோயாளியின் மொழியில் அவனது நோயை அவனுக்கு விளக்கும் திறமையும் தகுதியின் ஒரு பகுதியாகச் சோதிக்கப்படுதல் வேண்டும். தொலைதூர வைத்தியசாலைகளிற் பணிபுரிவோர்க்கு வீடும் மேற்படிப்பு வாய்ப்பும் முதலில் கிடைக்க வேண்டும். மாணவர்களுக்கு நாம் மானிப்பாயின் கதையைச் சொல்லும்போது, அதைப் பழம்பெருமையாகச் சொல்லுதல் போதாது. அறிவைத் தமிழில் தர முடியும் என்று ஒரு தலைமுறை நிறுவிய பின்னரும் அரசு அவ்வழியே வரவில்லை என்பதையும், ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.