பழைய கணிப்பொறிக்குப் புதிய கார்டு

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி ஆகிய ஊர்களிலும் மாணவர் வீடுகளில் காணப்படும் கணிப்பொறிகளுள் பல, ஏதேனும் ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றவை. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்துவிட்ட இவை சென்னை ரிச்சி தெரு வழியாகவும் பிற வழிகளிலும் இங்கு வந்து சேர்கின்றன. விலை குறைவு; எழுதவும் படிக்கவும் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் ஓராண்டு சென்றதும் உரிமையாளருக்கு ஓர் ஆசை பிறக்கிறது. "சார், இதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாமா? மலிவாக எதை வாங்கலாம்?" என்று ஆண்டுதோறும் மாணவர் சிலராவது என்னிடம் கேட்கின்றனர். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணம் அது. தவறான கார்டில் போய்விட்டால் திரும்பி வராது.

இக்கேள்வி இன்று தோன்றியதன்று. இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை ஓரளவு தெரிந்துகொண்டால் இன்றைய விடை தானே புலப்படும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் திரைக்கான மின்சுற்று மதர்போர்டில் அமைக்கப்படவில்லை. அதற்கெனத் தனிக் கார்டு வாங்கி ஸ்லாட்டில் செருகவேண்டும். இரு வகைக் கார்டுகள் கிடைத்தன. ஒன்று எழுத்து மட்டும் காட்டுவது. திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், ஆக 2,000 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் 2 பைட்; ஒன்று எழுத்தின் குறியீடு, மற்றது அதன் ஒளிர்வு, அடிக்கோடு முதலியவற்றைக் குறிப்பது. ஆக 4,000 பைட் போதும். எழுத்துகளின் வடிவங்கள் கார்டிலிருந்த ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அந்தச் சில்லில் இல்லாத எழுத்து திரையில் தோன்ற வழியே இல்லை. தமிழ் அதில் இல்லை.

மற்றொரு கார்டு நிறமும் படமும் காட்டக்கூடியது. இதில் திரை முழுவதும் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அகலத்தில் 640, உயரத்தில் 200, ஆக 1,28,000 புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு ஒரு பிட் என்றால் 16,000 பைட் ஆகிறது. கார்டில் இருந்த நினைவகமோ 16 கிலோபைட். நினைவகத்தின் விலை அன்று அவ்வளவு அதிகம். நிறம் வேண்டுமென்றால் புள்ளிகளைக் குறைத்துக்கொள்ளவேண்டும். எழுத்துக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 8 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. வாசகர்கள் ஒரு கட்டத்தாளில் எட்டுக்கு எட்டாகச் சதுரம் வரைந்து, கட்டங்களை நிரப்பி 'ணை' என்ற எழுத்தை எழுதிப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்பது விளங்கிவிடும்.

இதே இடர்ப்பாட்டைச் சந்தித்த ஒருவர் தாய்லாந்து நாட்டைச் சேர்ந்த வான் சுவன்னுகுல். தமது ஆராய்ச்சிக் கட்டுரையை ஐ.பி.எம். கணிப்பொறியில் தாய் மொழி எழுத்தில் உருவாக்க அவர் விரும்பினார். முதற் கார்டில் அவ்வெழுத்துகள் இல்லை. இரண்டாவதில் அவற்றை வரையப் போதிய புள்ளிகள் இல்லை. ஆகவே 1982இல் அவரே ஒரு கார்டை வடிவமைத்தார். அதுதான் புகழ்பெற்ற ஹெர்குலிஸ் கார்டு. நிறம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, புள்ளிகளை 720க்கு 348 ஆக உயர்த்தினார். கணக்கிட்டால் ஒரு திரைக்கு 31,320 பைட் வருகிறது. அவர் வைத்த 64 கிலோபைட் நினைவகத்தில் இரண்டு திரைகள் அடங்கின. தமக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதைத் தெளிவாக அறிந்து செய்த தேர்வு இது. நிறமில்லாத அந்தக் கார்டு உலகெங்கும் விற்பனையானதில் வியப்பில்லை.

தமிழின் நிலை இன்னும் சிக்கலானது. 'கொ' என்னும் எழுத்தைக் கவனியுங்கள். ஒலிக்கும்போது 'க்' முதலில், 'ஒ' பின்னர். எழுதும்போதோ கொம்பு முன்னே, 'க' நடுவே, கால் பின்னே. ஓர் உயிரொலி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இல்லை. 'ர'வுக்குப் போதுமான இடம் 'ஞௌ'வுக்குப் போதாது. ஆங்கிலத்திற்காகச் செய்யப்பட்ட, ஒரே அளவுப் பெட்டிகளைக் கொண்ட திரையில் இதை எப்படிக் காட்டுவது?

கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்த ஆய்வுகளிலிருந்து இதற்கு விடை பிறந்தது. 1988இல் நிறுவப்பட்ட புனே சி-டாக் நிறுவனம் அவ்வாய்வுகளைத் தொடர்ந்து, 'ஜிஸ்ட்' கார்டு என்ற பெயரில் அதை வெளியிட்டது. கணிப்பொறியின் ஸ்லாட்டில் இக்கார்டைச் செருகினால் தமிழ் உட்பட இந்திய மொழிகளின் எழுத்துகளைத் திரையில் காணலாம். கணிப்பொறி, எழுத்துகளை ஒலி வரிசைப்படியே குறியீடுகளாக வைத்துக்கொள்ளும். கொம்பை முன்னே கொண்டுவருவது, காலைச் சேர்ப்பது போன்ற வடிவ வேலைகளைக் கார்டு கவனித்துக்கொள்ளும். இதனால் ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட மென்பொருள்களிலும், அவற்றை மாற்றாமலே, தமிழில் பெயரும் முகவரியும் பதிய முடிந்தது. இம்முறையிலான குறியீடுகளை இந்தியத் தரநிர்ணயக் குழு 1991இல் தரமாக ஏற்றது. இன்று ஒரு கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர், நம் மொழி கணிப்பொறித் திரைக்கு ஒரு கார்டின் வழியாகவும் வந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஆனால் அக்கார்டு நீண்ட காலம் தேவைப்படவில்லை. 1987இல் வந்த வி.ஜி.ஏ. முறை 640க்கு 480 புள்ளிகளைப் பதினாறு நிறங்களில் தந்தது. பிராசசர்களின் வேகமும் கூடியது. விண்டோஸ் வந்தபின் எழுத்து வடிவத்தை வரையும் வேலையைக் கணிப்பொறியே செய்துகொண்டது. 1998 பொங்கலன்று தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் வழங்கும் பணி, நம் ஊரின் பெயரால் 'மதுரைத் திட்டம்' எனத் தொடங்கப்பட்டது. அந்நூல்களைப் படிக்கத் தனிக் கார்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஓர் எழுத்துருவே போதுமானதாக இருந்தது. பொறி தானே செய்ய இயலாத வேலையைச் செய்யும்வரைதான் கார்டுக்கு மதிப்பு. இது இன்றைக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர் காண்போம்.

அடுத்து வந்த இடையூறு பாதை. அக்காலத்து ஸ்லாட் வழியாக நொடிக்கு 8 மெகாபைட் அளவே செல்லும். 1024க்கு 768 புள்ளிகள், 256 நிறம் என்றால் ஒரு திரைக்கு 7,86,432 பைட். திரையை ஒருமுறை நிரப்பவே ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி ஆகும். எனவே 1991 முதல் புதுவகைக் கார்டுகள் தோன்றின. 'இந்தக் கட்டத்தை நீலமாக்கு' என்ற ஒரு கட்டளை மட்டும் பாதையில் செல்லும். ஆயிரக்கணக்கான புள்ளிகளை நிரப்பும் வேலையைக் கார்டிலுள்ள சில்லு செய்துவிடும். பாதையும் அகலமாயிற்று. 1992இல் பி.சி.ஐ. நொடிக்கு 133 மெகாபைட் கொண்டுசென்றது, 1997இல் ஏ.ஜி.பி. அதை இரட்டிப்பாக்கியது, இன்றைய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2003இல் பிறந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய பொறியை வைத்திருந்தோர் திகைத்து நின்றனர். புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் நுழையாது அன்றோ!

1996இல் வந்த வூடூ கார்டு முப்பரிமாணப் படங்களுக்கு மட்டுமே உரியது; ஏற்கெனவே இருக்கும் கார்டுடன் கம்பியால் இணைத்துப் பயன்படுத்தவேண்டும். 1999இல் வந்த ஜிபோர்ஸ் 256 என்ற கார்டை அதன் தயாரிப்பாளர் 'ஜி.பி.யு.' என்று அழைத்தனர், அப்பெயர் நிலைத்துவிட்டது. முப்பரிமாணப் படம் என்பது அடிப்படையில் அணிப் பெருக்கல்தான். பல்லாயிரம் பெருக்கல்களை ஒரே நேரத்தில் செய்யும் இக்கார்டுகளை அறிவியல் கணக்கீடுகளுக்கும் பயன்படுத்தலாம் என்பதை 2007இல் வந்த 'கூடா' என்ற மென்பொருள் எளிதாக்கியது. 2012இல் டொரான்டோ பல்கலைக் கழகத்தின் ஜெப்ரி ஹின்டனும் அவர் மாணவர் இருவரும், படங்களை அடையாளம் காணும் நரம்பு வலையமைப்பு ஒன்றைக் கடையில் விற்கும் விளையாட்டுக் கார்டுகள் இரண்டைக்கொண்டே பயிற்றினர். ஐந்தாறு நாட்கள் பிடித்தன. ஹின்டனுக்கு 2024இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே கார்டு கேட்கும் மாணவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்று ஒதுக்கிவிடுவது சரியன்று.

இனி, உசிலம்பட்டி மாணவரின் கணிப்பொறிக்கு வருவோம். மடிக்கணிப்பொறியாக இருந்தால் பேச்சு இத்துடன் முடிந்தது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கியவை போன்ற மடிக்கணிப்பொறிகளில் கார்டு செருக ஸ்லாட் இல்லை. மேசைக் கணிப்பொறி என்றால் முதலில் பார்க்கவேண்டியது கார்டை அன்று, எஸ்.எம்.பி.எஸ்.ஸை. அலுவலகப் பொறிகளில் பெரும்பாலும் 180 முதல் 240 வாட் அளவுள்ள சிறிய எஸ்.எம்.பி.எஸ். இருக்கும், கார்டுக்கெனத் தனி மின்கம்பி இராது. எனவே கார்டு ஸ்லாட் தரும் மின்திறனையே நம்பியிருக்கவேண்டும். அது எவ்வளவு? 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர், ஏறத்தாழ 10 வாட். ஆக 75 வாட் என்பதே உச்ச வரம்பு. சில குறுகிய கேபினெட்டுகளில் அதுவும் கிடைப்பதில்லை. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., ஜி.டி.எக்ஸ். 1650 ஆகியவை இந்த 75 வாட் விளிம்பில் நிற்பவை, ஜி.டி. 1030 என்பதற்கு 30 வாட் போதும். கேபினெட் குறுகியது என்றால் உயரம் குறைந்த கார்டுதான் உள்ளே செல்லும்.

இரண்டாவது, நினைவகத்தின் வேகம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் '2 ஜி.பி.' என்றோ '4 ஜி.பி.' என்றோ அச்சிட்டிருப்பார்கள். அது கொள்ளளவு மட்டுமே. ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரு கார்டுகள் உண்டு. 2017இல் வந்ததில் ஜி.டி.டி.ஆர். 5 நினைவகம், நொடிக்கு 48 ஜிகாபைட் படிக்கும். 2018இல் வந்ததில் டி.டி.ஆர். 4, வேகம் 16.8 ஜிகாபைட் மட்டுமே. கொள்ளளவு இரண்டிலும் 2 ஜி.பி.தான். பெரிய தொட்டியில் சிறிய குழாய் பொருத்தியது போன்றது பின்னது. இப்படிப் பெயரை மாற்றாமல் விற்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. வாங்குவோர் நினைவகத்தின் வகையைக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குவது நல்லது.

பாதையும் இன்று மீண்டும் தலைகாட்டுகிறது. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 என்ற கார்டு 53 வாட்டில் இயங்குவது. பார்த்தால் நமக்கென்றே செய்ததுபோல் தோன்றும். ஆனால் அது ஸ்லாட்டின் பதினாறு தடங்களுள் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறை மதர்போர்டில் நான்கு தடங்கள் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் தரும். மூன்றாம் தலைமுறையில் அது 4; இரண்டாம் தலைமுறையில் 2. பொறி எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு இக்கார்டு தளர்கிறது.

மிக மலிவான ஜி.டி. 710 பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2016இல் கடைக்கு வந்தாலும் அதிலுள்ள சில்லு 2013ஆம் ஆண்டையது. இக்கால இணைய வீடியோக்களில் பயன்படும் வி.பி. 9 முறையைப் பிரித்துக் காட்டும் சுற்று அதில் இல்லை. அதன் குடும்பத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024இல் நின்றுவிட்டன. மதர்போர்டின் காட்சிச் சுற்று பழுதாகியிருந்தால் தவிர இதை நான் பரிந்துரைப்பதில்லை. ஜி.டி. 1030, 1050 டி.ஐ. வகைகளுக்கும் 2025 அக்டோபருக்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. 1650 அவ்வரிசைக்கு அடுத்த தலைமுறை, எஸ்.எம்.பி.எஸ். தாங்குமானால் அதையே தேடலாம். வீடியோ பார்க்க மட்டும் என்றால் ஜி.டி.டி.ஆர். 5 உள்ள 1030 போதும். தட்டச்சும் கணக்கும்தான் வேலை என்றால் கார்டே வேண்டாம்; ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போடலாம். பொறி தானே செய்யும் வேலைக்குக் கார்டு எதற்கு?

மானிட்டரையும் பாருங்கள். நீல நிற வி.ஜி.ஏ. கம்பி மட்டும் பொருந்தும் மானிட்டராக இருந்தால், 1030 முதலான கார்டுகளில் அதற்கு இணைப்பே இல்லை. சைகையை மாற்றித் தரும் ஒரு கன்வர்ட்டரும் வாங்கவேண்டிவரும். கார்டின் விலையோடு அதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

நம் ஊர் வெயிலையும் மறக்கவேண்டாம். ஒரு கார்டின் சூடு, சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு உயரும் என்பது அது செலவிடும் வாட்டைப் பொறுத்தது. முழு வேகத்தில் 45 பாகை உயர்வதாகக் கொள்வோம். குளிரூட்டிய 25 பாகை அறையில் அது 70 பாகை. சித்திரைத் திருவிழாக் காலத்தில் 38 பாகை கொதிக்கும் மொட்டைமாடி அறையில் 83. குறைந்த வாட் கார்டுக்கு இங்கே உள்ள மதிப்பு, குளிர்நாட்டுப் பத்திரிகைகளின் சோதனை முடிவுகளில் தெரியாது.

செகண்ட் ஹேண்ட் கார்டுகள் மலிவு. 2022 செப்டம்பரில் ஈதர் நாணயம் கார்டுகளைக்கொண்டு கணக்கிடும் முறையைக் கைவிட்டபின், இரவு பகலாக அவ்வேலையில் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. காற்றாடி தேய்ந்திருக்கலாம், சில்லு நன்றாகவே இருக்கலாம். இவற்றைவிட ஆபத்தானவை போலிகள். பழைய ஜி.டி.எக்ஸ். 550 டி.ஐ. கார்டின் பயாஸை மாற்றி, 1050 டி.ஐ. என்று திரையில் தோன்றும்படி செய்து விற்றிருக்கின்றனர். 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய பல போலிகளைக் கண்டு எச்சரிக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் எடுத்துச் சென்று, கடைக்காரரின் கணிப்பொறியிலேயே கார்டைப் போட்டு, முன்னால் ஓட்டிப் பார்த்தபின் பணத்தைக் கொடுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்கவேண்டியதில்லை.