துப்பாக்கிக் குழலின் முறுக்கும் குண்டின் எடையும்

ரைபிள் குழலின் உட்சுவரில் திருகுச் சுற்றாக ஓடும் வரிப்பள்ளங்கள்தாம் குண்டைச் சுழலவைத்து வெளியே அனுப்புகின்றன. அந்தப் பள்ளம் ஒரு முழுச் சுற்றை எத்தனை அங்குலத்தில் முடிக்கிறதோ, அதுவே குழலின் முறுக்கு. போளூர், ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவாளர்களுக்கு முறுக்கு என்பது பழகிய சொல்: பாவு இழைக்குக் கூடுதல், ஊடைக்குக் குறைவு. நூலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று எண்ணுவார்கள். குழலிலோ ஒரு முறுக்குக்கு எத்தனை அங்குலம் என்பது கணக்கு. எண் குறையக் குறைய முறுக்கு இறுகும். புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நீண்ட குண்டின் மூக்கைக் காற்று புரட்டிவிடப் பார்க்கும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழற்சி குண்டை நேராக வைத்திருக்கிறது. சுழற்சி போதாவிட்டால் குண்டு புரண்டபடி போய், இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதிலாகத் தன் பக்கவடிவத்தையே நீளக் கிழிசலாகப் பதித்துவிடும். முறுக்கு அளவுக்கு மீறினால், மெல்லிய உறை கொண்ட குண்டு பறக்கும்போதே பிய்ந்துபோகவும் கூடும்.

குண்டின் பறப்பை ஆராயும் இயலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான பெஞ்சமின் ராபின்ஸின் வாழ்வு முடிந்தது தமிழ் மண்ணில். 1742இல் பீரங்கியியல் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்ட அவர், 1747இல் வரிப்பள்ளக் குழலின் மேன்மையை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அதை முதலில் கைக்கொள்ளும் நாடு போரில் மேலோங்கும் என்றும் கணித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட 1750இல் இங்கு வந்தவர், 1751 ஜூலை 29 அன்று கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலால் இறந்தார். நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய பெயர் இது.

எடைக்கேற்ற முறுக்கு என்று பேசுவது வழக்கம். உண்மையில் முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் நீளம். ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளமும் கூடுவதால், எடை ஓர் எளிய குறியீடாகிவிட்டது. 1857இல் சிப்பாய்களின் கொந்தளிப்புக்குக் காரணமான தோட்டாவோடு வந்த என்ஃபீல்டு ரைபிளில் 0.577 அங்குல விட்டமுள்ள குழல்; குண்டின் எடை 530 கிரெய்ன்; முறுக்கு 78 அங்குலம். பொறியாளர் ஜோசப் விட்வொர்த் அதே 530 கிரெய்னை 0.451 அங்குல விட்டத்துக்குள் அடக்கியபோது குண்டு நீண்டது. முறுக்கை 20 அங்குலமாக இறுக்க வேண்டியிருந்தது. எடை மாறவே இல்லை.

1879இல் கணிதவியலாளர் ஆல்ஃபிரட் கிரீன்ஹில் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால் முறுக்கு கிடைக்கும். எல்லாம் அங்குலக் கணக்கு. 0.308 அங்குல விட்டமும் 1.2 அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு விடை ஏறத்தாழ 12. நேட்டோவின் 7.62 மி.மீ. ரைபிள்களில் 12 அங்குல முறுக்கே வழக்கம். ஈயம் நிறைந்த குண்டுக்கு இது நன்றாகப் பொருந்தும். எஃகு முனையோ முழுச் செம்போ ஆனால், அடர்த்தி குறைவு என்பதால் அதே எடைக்கு நீளம் கூடி, இன்னும் இறுக்கமான முறுக்கு தேவைப்படும்.

அமெரிக்காவின் எம்16 ரைபிள் முதலில் 14 அங்குல முறுக்கோடு வந்தது. கடுங்குளிரில் காற்று அடர்ந்தபோது 55 கிரெய்ன் குண்டு தள்ளாடியதால் 12 ஆக்கினார்கள். பின்னர் எஃகு முனையுள்ள 62 கிரெய்ன் குண்டும், அதைவிட நீண்ட ஒளிவீசும் குண்டும் வந்தபோது 7 ஆயிற்று. வினாடிக்கு 940 மீட்டர் வேகத்தில் இந்த முறுக்கு குண்டை நிமிடத்துக்கு 3 லட்சம் தடவைக்கு மேல் சுழற்றுகிறது. திருச்சிராப்பள்ளித் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்ட இன்சாஸ் ரைபிளும் எம்16 போலவே 5.56 மி.மீ. வகை.

குழலின் முறுக்கு தெரியாதபோது, துப்புரவுக் கம்பியின் முனையில் இறுகத் துணி சுற்றி உள்ளே தள்ள வேண்டும். கம்பி ஒரு முழுச் சுற்று திரும்புவதற்குள் எத்தனை அங்குலம் உள்ளே போனதோ, அதுவே முறுக்கு. அளப்பதற்கு முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.