சீவி எறிந்த மெழுகும் வண்டியில் வந்த வட்டும்: அயர்லாந்து வானொலி மீட்டெடுத்த குரல்கள்

1947ஆம் ஆண்டு டப்ளினில் ஜானி டோரன் என்ற நாடோடி இசைஞரை ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்கார வைத்தார்கள். அவருடைய வாத்தியம் இல்லன் பைப்ஸ். வாயால் ஊதாமல், துருத்தியைக் கக்கத்தில் இடுக்கி முழங்கையால் காற்றேற்றி வாசிக்கும் அயர்லாந்துப் பைக்குழல் அது. குதிரை பூட்டிய கூண்டுவண்டியில் குடும்பத்தோடு சந்தை சந்தையாகச் சுற்றிப் பிழைத்தவர் டோரன். கிளேர் பகுதிப் பிடில் கலைஞர் ஜான் கெல்லியின் முயற்சியால் அன்றைய பதிவு நடந்தது. அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தின் சார்பில் கெவின் டானஹர் அசிடேட் வட்டுகளில் பதிந்தார். 1948 ஜனவரியில், டப்ளினில் நிறுத்தியிருந்த வண்டியின் மேல் ஒரு சுவர் இடிந்து விழுந்தது. அதில் முடங்கிப்போன டோரன் 1950இல் இறந்தார். அந்தப் பதிவு ஒரு மணி நேரம்கூட ஓடாது. அவர் வாசிப்பில் நமக்கு எஞ்சியிருப்பது அவ்வளவே. அதுவும் 1988இல்தான் ஒலிநாடாவாகப் பொதுமக்களிடம் வந்தது.

மறக்கப்பட்ட பாடகரை, கதைசொல்லியை மீட்டெடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் வானொலி விவரணங்கள் அயர்லாந்தில் ஏராளம். யாருடைய பெயர் மீண்டது, யாருடையது மீளவில்லை என்பதைக் கலைத்திறன் மட்டும் தீர்மானித்ததாக நான் நினைக்கவில்லை. அந்தந்த ஆண்டில் எந்தக் கருவி கையில் இருந்தது, அது எந்தச் சந்து வரை போக முடிந்தது என்பதற்கும் அதில் பெரும்பங்கு உண்டு. இக்கட்டுரை அந்தக் கருவிகளின் வழியே இவ்வரலாற்றைப் பார்க்கிறது.

அயர்லாந்தின் முதல் அரசு வானொலி நிலையம் 1926 ஜனவரி 1 அன்று டப்ளினில் தொடங்கியது. அதன் அழைப்புக்குறி 2ஆர்என். சேர்த்து உச்சரித்தால் ‘அயர்லாந்துக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர்போல் ஒலிக்கும். தொடக்க உரை நிகழ்த்தியவர் ஐரிஷ் மொழி மீட்பு இயக்கத்தின் முன்னோடி டக்ளஸ் ஹைட். முதல் இயக்குநர் ஷேமஸ் கிளாண்டிலன் தாமே நாட்டுப்பாடல் பாடகர். ஆகவே அக்கறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிகழ்ச்சிகள் நேரடியாகக் காற்றில் போயின, பாடி முடித்தவுடன் பாட்டும் போயிற்று. டப்ளின் ஒலிபரப்புக் கூடத்துக்கு ரயிலேறி வரக்கூடியவர்தான் ஒலிவாங்கியின் முன் நிற்க முடிந்தது. மேற்குக் கடற்கரைக் குடிசையில் இருந்த கிழவரும் கிழவியும் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அவர்களைத் தேடிப் போனது 1935இல் அமைந்த நாட்டார் வழக்காற்று ஆணையம். இயக்குநர் ஷேமஸ் ஓ டூலர்கா. களப்பணியாளர்கள் கொண்டுபோனது எடிஃபோன், அதாவது மெழுகு உருளையில் குரலைச் செதுக்கும் அலுவலகக் கருவி. மேற்கு அயர்லாந்தில், கானமாராவின் கார்னா பகுதியில் ஏமன் அ பூர்க் என்ற தையற்காரர் இருந்தார். இளமையில் அமெரிக்கா போய் ஒரு காலை இழந்து திரும்பியவர். களப்பணியாளர் லியம் மக் கோஷ்டெலா அவரிடம் பதிந்த கதைகளில், அயர்லாந்து இளவரசன் ஒருவனைப் பற்றிய 1938ஆம் ஆண்டுக் கதை, நாட்டார் கதைப் பதிவுகளிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்று. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற கதையல்ல. உருளை மாற்றி உருளை போட்டுப் பதிந்த நெடுங்கதை.

பதிந்ததும் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது. களப்பணியாளர் வீடு திரும்பி, உருளையை ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் காதால் பிடித்து ஏட்டில் எழுதுவார். வட்டாரச் சொல்லும் வழக்கும் பிசகக் கூடாது. எழுதி முடித்தபின் உருளையின் மேற்பரப்பைச் சீவி வழவழப்பாக்கி அடுத்த பதிவுக்குத் தயார் செய்வார்கள். பணம் குறைவு, உருளை விலை அதிகம். அதனால் பெரும்பாலானவற்றில் சொல் நின்றது, குரல் உதிர்ந்த மெழுகோடு போயிற்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை என்பது வாசகம் என்று நம்பிய தலைமுறை அது. ஆனால் கதைசொல்லி எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார் என்பதை எந்த ஏட்டிலிருந்து எடுப்பது?

1947இல் நிலைமை மாறியது. அரசு வானொலியான ரேடியோ ஏரன், நடமாடும் ஒலிப்பதிவு வண்டியைக் கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. அதில் சென்றவர்களில் ஒருவர் சேமஸ் என்னிஸ். தேர்ந்த பைப்ஸ் கலைஞர். அதற்கு முன் ஐந்தாண்டுகள் ஆணையத்துக்காக ஊர் ஊராகச் சென்று பாடல்களையும் இசையையும் கையால் குறித்துக்கொண்டவர். பாடுகிறவர் முன் பேனாவோடு உட்கார்ந்த அதே மனிதர் இப்போது ஒலிவாங்கியோடு வந்து நின்றார். பழைய பழக்கம் புதிய கருவிக்கு வழிகாட்டியது. 1951இல் என்னிஸ் பிபிசிக்குப் போனார். அங்கே 1953 முதல் 1958 வரை ஒலிபரப்பான ‘ஆஸ் ஐ ரோவ்டு அவுட்’ தொடர், களத்தில் பதிந்த குரல்களையே நிகழ்ச்சியாக்கியது. தொடரின் முகப்பில் ஒலித்தது ஆர்மா மாவட்டத்துக் கீடி ஊரைச் சேர்ந்த சாரா மேகம் என்ற குடும்பத் தலைவியின் குரல். மேடை ஏறிப் பிழைத்தவரல்லர், வீட்டில் பாடியவர். பிரிட்டன் முழுக்க அந்தக் குரலைக் கேட்டது.

அதே காலத்தில் விவரணத்தின் வடிவமும் மாறியது. அல்ஸ்டர் கவிஞரும் முன்னாள் பிரெஸ்பிட்டேரியன் போதகருமான டபிள்யூ. ஆர். ரோட்ஜர்ஸ் பிபிசியில் ஐரிஷ் இலக்கியவாதிகளைப் பற்றி நிகழ்ச்சிகள் தயாரித்தார். யேட்ஸை, ஜாய்ஸை, ஜார்ஜ் மூரை அறிந்த பலரைத் தனித்தனியே பதிந்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒருவர் பேச்சின் வாலில் இன்னொருவர் பேச்சைக் கோர்த்தார். ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்திராதவர்கள் எதிரெதிரே இருந்து வாதாடுவதுபோல் கேட்கும். யேட்ஸ், ஜாய்ஸ் வரிசையில், இன்று அவ்வளவாகப் பேசப்படாத கவிஞர் எஃப். ஆர். ஹிக்கின்ஸுக்கும் ஒரு நிகழ்ச்சி அமைந்தது. கேட்டுப் பழகியவர் உடனே கவனிப்பார்: இந்த முறையில் நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதே சுவை. இன்றைய ஐரிஷ் வானொலி விவரணம் வரை இந்தக் கோர்ப்பு முறை வாழ்கிறது. எழுதிப் படிக்கும் வர்ணனையைக் குறைத்து, பேசுகிறவரே கதையை நகர்த்தும்படி விடுவதில் சார்ல்ஸ் பார்க்கர், யூவன் மக்கால், பெகி சீகர் மூவரின் பிபிசி தொடரான ‘ரேடியோ பேலட்ஸ்’ இன்னும் ஒரு படி போயிற்று. 1959இல் வந்த சாலைப்பணித் தொழிலாளர் பற்றிய நிகழ்ச்சியில், பிழைக்கப்போன ஐரிஷ்காரர்களின் பேச்சே பாட்டுக்கு நடுவே ஓடியது.

காந்த நாடா வந்தபின் எல்லாம் எளிதாயிற்று, பட்டியலும் நீண்டது. ரேடியோ ஏரன் தயாரிப்பாளர் கீரன் மக் மஹூனா 1950களின் நடுவில் கிளேர் பக்கம் பதியத் தொடங்கினார். அவருடைய ஞாயிறு காலை நிகழ்ச்சி ‘மோ ஹ்யோல் ஹூ’ 1970 முதல் 2005 வரை நடந்தது. 1972இல் ஐரிஷ் பேசும் பகுதிகளுக்கென்றே ரேடியோ ன கேல்டாக்ட் தொடங்கியபின், கலைஞரின் ஊரே ஒலிபரப்புக் கூடமாயிற்று.

ஆனால் பதிவு எல்லாரையும் காப்பாற்றியதாகச் சொல்ல முடியாது. ஸ்லைகோவில் பிறந்து 1914இல் நியூயார்க் போன பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் அங்கே வெளியிட்ட இசைத்தட்டுகள் அயர்லாந்து வீடுகளுக்கு அஞ்சலில் வந்தன. கேட்ட இளைஞர்கள் தங்கள் ஊர் பாணியை விட்டு அவர் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் நினைவில் நின்றதால் பலர் மறைந்தனர். அவரும் 1945இல் இறந்தபின் ஐரிஷ் இசை கேட்போர் வட்டத்துக்கு வெளியே பேச்சில்லாமல் போனார். 1980களில் ஹாரி பிராட்ஷா தயாரிக்க நிக்கலஸ் கேரலன் வழங்கிய ‘தி ஐரிஷ் ஃபோனோகிராஃப்’ வானொலித் தொடர் இப்படிப்பட்ட பழைய இசைத்தட்டுகளைத் தோண்டி எடுத்தது. கோல்மனின் தேய்ந்த தட்டுகளைப் பிராட்ஷா சீர்செய்து மறுவெளியீடு செய்தார். 1987இல் ஐரிஷ் மரபிசை ஆவணக்காப்பகம் உருவானதிலும் இவ்விருவருக்கும் பங்குண்டு. வானொலித் தேவைக்காகத் தேடியது நிரந்தரக் காப்பகமாக முடிந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

‘மறக்கப்பட்ட’ என்ற அடைமொழி மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. கார்னாவில் பிறந்த ஜோ ஹீனி, ‘ஷான் நோஸ்’ எனும் துணையிசையில்லாப் பாட்டில் பெரும் புலமை பெற்றவர். நியூயார்க்கில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாயிற்காப்பாளராக வேலை பார்த்தார். 1982இல் அமெரிக்க அரசு தேசிய மரபுக்கலை விருது கொடுத்தது. அவருடைய பாடல் பதிவுகளில் பெரும் பகுதி இன்று சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. கார்னா அவரை மறக்கவேயில்லை. பிழைக்க இடம் தராத நாடு பிறகு மறந்ததாகச் சொல்லிக்கொண்டு மீட்கப் புறப்பட்டது.

கதைசொல்லி பெக் சேயர்ஸின் நிலை நேர்மாறு. பிளாஸ்கெட் தீவில் வாழ்ந்த அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதிய தன்வரலாறு 1936இல் வந்தது. பிறகு பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாகி, சலிப்பூட்டும் சோகக் கிழவியாக அவரை நிறுத்திவிட்டது. 1947இல் வானொலிக்காகப் பதிந்த அவரது பேச்சு 2009இல் நூலோடு குறுந்தகடாக வெளிவந்தது. புத்தகத்தை வெறுத்தவர்களுக்குக் குரல் வேறொருவரைக் காட்டியது.

ஷான் ஓ கோனலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கெர்ரி மாவட்டத்துக் கில்ரீலிக் என்ற கடலோரச் சிற்றூரில் வாழ்ந்த எழுத்தறியாத மீனவ விவசாயி. ஓ டூலர்கா 1923 முதல் அவரிடம் கதைகளைக் கையால் எழுதிக்கொண்டார். 1931இல், ஆணையமும் அதன் கருவியும் வருமுன்பே, ஓ கோனல் இறந்தார். 1948இல் வந்த அவர் புத்தகத்தில் சொல் உண்டு, குரல் இல்லை. ஊரில் கேட்க ஆளில்லாமல் போகப்போக, கதைகள் நழுவிவிடுமோ என்று அஞ்சி அவர் தனியே சொல்லிப் பார்ப்பாராம். சந்தையிலிருந்து திரும்பும்போது குதிரை மேட்டில் மெல்ல ஏற, வண்டிக்குப் பின்னால் நடந்தபடி அவர் கதை சொல்லிக்கொண்டு வருவாராம்.