லாரிக்கு ஓர் ஆயுள், காலுக்கு ஓர் ஆயுள்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, கூட்டத்தில் யாராவது ஒருவர் காலில் டயர் செருப்பு தட்டுப்படும். தேய்ந்த லாரி டயரை வெட்டி, வார் கோத்து, ஆணி அடித்த கறுப்புச் செருப்பு. நாகமலைப் பக்கமும் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்திலும் விடிகாலையில் ஓடுகிற இளைஞர்கள், சுற்றுச்சூழலைக் கெடுக்காத ஷூ எது என்று என்னிடம் கேட்டால், முதலில் இதன் கதையைத்தான் சொல்வேன்.

கதை அமேசான் காட்டில் தொடங்குகிறது. அங்கே பழங்குடி மக்கள் ரப்பர் மரத்தின் பாலை அச்சில் பூசி, புகை காட்டி, காலணி செய்தார்கள். 1820களில் அவை பிரேசிலின் பாரா துறைமுகத்தில் கப்பலேறி பாஸ்டனில் விலைபோயின. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும், அதுதான் குறை. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கரின் கை தவறி, கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டதாகச் சொல்வார்கள். உருகி ஓட வேண்டியது பதமாகி நின்றது. அந்த ரப்பரின் மாதிரித் துண்டு லண்டனில் தாமஸ் ஹான்காக் கைக்குக் கிடைத்தது. அவர் அதை ஆராய்ந்து, குட்இயரை முந்திக்கொண்டு 1843-இல் இங்கிலாந்துக் காப்புரிமைக்கு மனுப் போட்டுவிட்டார்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டுபோனார். லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றில் பெரும்பகுதி இலங்கையின் ஹெனரத்கொடை தோட்டத்துக்கு வந்தது. பிறகு மலாயா முழுக்க ரப்பர் காடானது. அங்கே கருக்கலில் எழுந்து பால்மரம் சீவியவர்களில் பலர் நம் தமிழ் மக்கள். உலகத்து டயர்களில் அவர்களுடைய உழைப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை நாம் போதிய அளவு பேசியதே இல்லை.

1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயர் செய்தார். 1911-இல் மதுரையில் டி.வி.எஸ். பேருந்து நிறுவனம் தொடங்கியது, பஸ்ஸும் லாரியும் பெருகின, தேய்ந்த டயர்களும் குவிந்தன. மெக்சிகோவில் அவற்றை வெட்டி 'வராச்சே' என்ற பழைய செருப்புக்கு அடிப்பாகம் ஆக்கினார்கள். வியட்நாமில் போர்வீரர்கள் டயர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார்கள். கென்யாவில் மாசாய் மேய்ப்பர்கள் அணிந்தார்கள். யாரைப் பார்த்து யார் செய்தார்கள் என்று பிரிக்கவே முடியாது. கிழிந்த டயரும் கூரிய கத்தியும் இருந்த ஊரிலெல்லாம் இந்த யோசனை தானாகவே பிறந்திருக்கும்.

நம் ஊரில் இது நிலைத்ததற்குச் சீமைக் கருவேல முள்ளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்த மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டதுதான். முள்ளும் அங்கிருந்து வந்தது, முள்ளைத் தடுக்கும் ரப்பரும் அங்கிருந்தே வந்தது!

மலையில் ஓடும் விலை உயர்ந்த ஷூவுக்கும் டயர்தான் பங்காளி. 1935-இல் இத்தாலிய மலையேறிகள் ஆறு பேர் குளிரில் சிக்கி இறந்தார்கள். அவர்களுடன் சென்ற விட்டாலே பிரமானி, பாறையில் பிடிக்கும் அடிப்பாகம் ஒன்றை 1937-இல் உருவாக்கினார். அதற்குப் பணம் போட்டது பிரெல்லி டயர் கம்பெனி. அதுவே 'விப்ரம்'. 1993-இல் அமெரிக்காவின் லெட்வில் 160 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் மெக்சிகோவின் ராராமுரி இனத்து விக்டோரியானோ சுர்ரோ முதலாவதாக வந்தார். வயது 55, காலில் டயர் செருப்பு.

ஓட்ட ஷூ ஒன்றை 2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கரியமில வாயு. அதில் பெரும்பங்கு தொழிற்சாலையில் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. நுரையும் துணியும் பிளாஸ்டிக்கும் பசையால் ஒட்டியிருப்பதால் பிறகு பிரிக்கவும் முடிவதில்லை. டயர் செருப்பில் வார் அறுந்தால் வாரை மட்டும் மாற்றலாம். ஈரப் பாறையில் அது வழுக்கும், கனமும் கூட. ஆகவே எல்லோரும் அதையே போட்டு ஓடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கடையில் ஷூவைக் கையில் எடுக்கும்போது, இதற்கு அடிப்பாகம் மாற்றித் தைக்க முடியுமா என்று கேளுங்கள். 'பசுமை' என்று அட்டையில் அச்சடித்திருப்பதைவிட அந்தக் கேள்விக்கு வரும் பதில் முக்கியம்.

டயரை வெட்டுகிறவர்களுக்கு இப்போது வேறு கவலை. நைலான் டயர் கத்திக்கு இணங்கும். எஃகுக் கம்பி பின்னிய ரேடியல் டயரில் கத்தி இறங்க மறுக்கிறது. சாலையில் இப்போது அந்த டயர்தான் பெருகிக்கொண்டு வருகிறது.